செம்புக்கு அசையாத கிருமியும் விலைபோகாத வாழைத்தாரும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஸ்ஸில் கிடைத்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்துவுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். பெயர் பரஞ்சோதி. பதினெட்டு வருடமாக டிக்கெட் கிழிக்கிறேன், ஒன்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். இரண்டிலும் என் கையெழுத்தை யாராலும் படிக்க முடிவதில்லை. ஞாயிறு பத்திரிகையில் மூன்று கதைகள் வந்திருக்கின்றன. நான்காவது இதுதான் என்று காலையிலிருந்து கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் ஊர் சின்னத் தேவாலயத்தில் வருடா வருடம் அறுப்புப் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பின்னால் உள்ள கொட்டகையில் எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். ஏலம் கூவுகிறவன் நான். பஸ்ஸில் பழகிய தொண்டை அங்கே நன்றாகவே உதவும். நான் தூக்கிப் பிடித்தால் பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருக்காது என்று பாஸ்டர் சொல்வார். பாராட்டாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. 1987, செப்டம்பர். நாளை அறுப்புப் பண்டிகை. அதற்குள் இந்தக் கதையை நான் முடித்தாக வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "கண்ணால் காண முடியாத ஓர் உலகத்தில், கண்ணால் காண முடியாத ஒரு வளையம்"— வேண்டாம். இப்படித் தொடங்கினால் என் டிரைவர் சின்னையாவே படிக்க மாட்டார். அவர் தீப்பெட்டியில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிக்கிற ஆள்.

இரண்டாம் தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே மழை"— என் மூன்று கதைகளும் மழையில்தான் தொடங்கின. கெடாவில் வெயிலே அடிக்காது போல என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் தொடக்கம்: "மூடியைத் திறக்காமலே ரூத்துக்குத் தெரிந்துவிட்டது."

இது இருக்கட்டும். இதை எழுதியதும் அடுத்த வரி என்னவென்று பார்க்க எனக்கே ஆசை வந்தது. ஆனால் ரூத் அந்த மூடிபோட்ட கண்ணாடித் தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நடராஜா வந்து சேர வேண்டும். நடராஜா வருவதற்கு முன்னால் மிளகாய் பழுக்க வேண்டும். அதுவரை மூடி மூடியே இருக்கட்டும்.

3

ரூத்துக்கு நாற்பத்தொரு வயது. சுங்கை பட்டாணிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். [ஆய்வுக்கூடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அது கதைக்காக நான் கட்டியது. இன்னும் கூரைகூடப் போடவில்லை.] பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவி, லேபிள் எழுதி, கிருமிகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுக் காப்பாற்றி வருகிறாள். கடுகளவு எழுத்தில் லேபிள் எழுதுவாள். அதை யாராவது கிழித்துவிட்டால் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

வீட்டில், கூரை இறக்கத்துக்குக் கீழே, ஒன்பது சட்டிகளில் மிளகாய் வளர்த்தாள். நீளமான, பளபளப்பான, விரலை வைத்தாலே காரம் ஏறுகிற மிளகாய். [அந்தச் செடிகளை எப்படி வளர்த்தாள் என்பது பின்னால் வரும். இங்கேயே சொன்னால் கதை கவிழ்ந்துவிடும்.] 1985 அறுப்புப் பண்டிகைக்கு அந்த மிளகாயைக் காயவைத்து, மாலை மாதிரி கோத்து, ரூத் காணிக்கையாகக் கொண்டுவந்தாள்.

அன்று எனக்கு நல்ல வேகம். கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்த கருவாட்டுக் கட்டை அப்போதுதான் தள்ளிவிட்டிருந்தேன். மிளகாய் மாலையைத் தூக்கிப் பிடித்து, "ரூத் அக்கா மிளகாய்! ஆபீசுல கிருமிய அடக்குற கை, வீட்டுல வளத்த மிளகாய்! வாங்க, கேளுங்க!" என்று விட்டேன் ஒரு சத்தம். கொட்டகையே கை தூக்கியது. ஒரே மாலையாக விடுவானேன் என்று அந்த இடத்திலேயே அதை ஒன்பது கட்டாகப் பிரித்து ஏலம் விட்டேன். மூன்று கட்டு சில்வெஸ்டருக்கு. சில்வெஸ்டர் கத்தோலிக்கன்தான், ஆனால் ஏலம் என்றால் அவனுக்கு எந்தச் சபையும் ஒன்றுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற வேலையை விட்டுவிட்டு, தோட்டத்து ஓரத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போடத் துடித்துக்கொண்டிருந்தான். மிச்சக் கட்டுகள் ஆறு வீடுகளுக்குப் போயின. ஒன்று என் வீட்டுக்கு.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்ததை யாரும் குழம்பில் போட மாட்டார்கள். ஜெபித்துக் கொடுத்த பொருளாயிற்றே, விதைக்கு வைப்பார்கள். ஆகவே அடுத்த வருடம் ஏழு இடங்களில் ரூத்தின் மிளகாய் முளைத்தது.

முளைத்து, பூத்து, மழைக்காலமும் வந்தது. இலைகளில் முதலில் தண்ணீர் பட்டது போலச் சின்னச் சின்னப் பொட்டுகள். பிறகு அவை பழுப்பாகின. இலை மஞ்சளாகிக் கொட்டியது. காய்களில் சொறி விழுந்தது. எல்லோரும் நடராஜா கடைக்கு ஓடினார்கள். திகாம் பத்துவில் உரம், மண்வெட்டி, விதை, பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கடைதான், அவர் அப்பா காலத்திலிருந்து. நடராஜா எல்லோருக்கும் காப்பர் மருந்து கொடுத்தார், செம்பு கலந்த அந்தப் பச்சைநீலத் தூளை. இலைப்புள்ளிக்கு அதைத்தான் இத்தனை வருடமாக அடித்து வந்தார்கள். அடித்தார்கள். நோய் அசையவில்லை. இரண்டு மடங்கு அடித்தார்கள். இன்னும் மோசமானது. சில்வெஸ்டரின் இரண்டு ஏக்கரில் கடைசியில் குச்சிகள்தான் நின்றன.

அப்போது கோப்பிக்கடையில் யாரோ ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "நடராஜா கடை காப்பர்ல கோலம் போடலாம் லா, அரிசி மாவே வேணாம்." அதாவது, சுண்ணாம்பைக் கலந்து விற்கிறார் என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் குருன் வரைக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வாரம் யாரும் சிரிக்கவில்லை. நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

நடராஜா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஒவ்வொரு அறுப்புப் பண்டிகைக்கும் தன் வீட்டுக் கொல்லையில் விளைந்த ஒரு பெராங்கான் வாழைத்தாரை எங்கள் ஏலத்துக்கு அனுப்பிவைப்பார். அதை எடுக்கப் போட்டியே நடக்கும். 1986-இல் அந்தத் தாரைத் தூக்கி நான் "ஒரு தரம்" என்றேன். ஒரு கையும் எழவில்லை. "ரெண்டு தரம்" என்றேன். மூன்றாவதைச் சொல்ல வழியே இல்லை, கேட்டவரே இல்லையே! முன் பெஞ்சில் பாடகர் குழுவோடு உட்கார்ந்திருந்த ரூத் திரும்பி வாசலைப் பார்த்தாள். நடராஜா அங்கே வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ரூத் கை தூக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அன்று கை தூக்காததை நினைத்து ரூத் வெகுநாள் வெட்கப்பட்டாள்.

4

இந்த வருடம் ஜூலை மாதம் ஒரு காலையில் நடராஜா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் மூடி உடைக்காத ஒரு டின்.

"வாங்கண்ணே. என்னா இவ்ளோ தூரம்?" என்றாள் ரூத்.

"இத கொஞ்சம் பாத்துச் சொல்லணும் தங்கச்சி." டின்னை மேசைமேல் வைத்தார். "சீல் அப்படியே இருக்கு. உள்ளார இருக்கிறது செம்பா, சுண்ணாம்பான்னு நீங்கதான் சொல்லணும்."

"என்னாண்ணே நீங்க, எவனோ கோப்பிக்கடையில ஒளறுனத போயி..."

"எவனோ இல்லம்மா, ஊரே சொல்லுது. பாசார்ல என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. எங்கப்பா பேர்ல இருக்கிற கடை. சுண்ணாம்புன்னா சுண்ணாம்புன்னே சொல்லுங்க. நாளைக்கே சாத்திட்டு கூலிம்ல மகன் வீட்டுக்குப் போயிடுறேன். நல்ல மருந்துன்னா அதையும் வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் போனபின் ரூத் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலையில் இறங்கினாள். கிருமி வளர்க்கிற கூழில் நடராஜாவின் தூளையே அளந்து கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றினாள். ஒவ்வொரு தட்டையும் பேனாவால் இரண்டு பாதியாகக் கோடு போட்டாள். இடது பாதியில் பழைய கிருமி: 1979-இல் பாடாங் மேஹாவில் ஒரு நோய்ப்பட்ட மிளகாய்ச் செடியிலிருந்து எடுத்து, எட்டு வருடமாக அவளே காப்பாற்றி வந்தது. வலது பாதியில் புதுக் கிருமி: போன வருடம் சில்வெஸ்டர் கொல்லையின் இலையிலிருந்து எடுத்து வைத்தது. தூளே கலக்காத தட்டு ஒன்றிலும் இரண்டையும் கம்பியால் கோடாக இழுத்துவிட்டாள். மூன்று நாள் காத்திருந்தாள்.

மூடியைத் திறக்காமலே ரூத்துக்குத் தெரிந்துவிட்டது.

தூள் இல்லாத தட்டில் இரண்டும் மஞ்சள் மஞ்சளாக வளர்ந்திருந்தன. நடராஜாவின் தூள் கலந்த தட்டில் இடது பாதி வெறுமையாக இருந்தது. ஒரு பொட்டு இல்லை. வலது பாதியில் மட்டும் மஞ்சள் பொட்டுகள் கொழுகொழுவென்று நின்றன.

"டாக்டர்! ஓடியாங்க! சீக்கிரம்!"

டாக்டர் மணியம் ஓடிவந்தார். இருபத்தொன்பது வயது, போன வருடம்தான் வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அக்கா, பழசு சுத்தமா செத்துப் போச்சு. மருந்து நல்ல மருந்து. கிருமிதான் மாறிப் போச்சு!"

"அப்ப நடராஜா அண்ணன் மேல தப்பே இல்ல?"

"துளிகூட இல்ல."

ரூத் கையைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கே தட்டு ஊற்றிக் கொடுத்தவள் அவள். இது அவளுடைய கேள்வி, இது அவளுக்கு வந்த பதில். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட் வாங்கக்கூட மறந்துபோனாள். அவள் சொன்ன வேகத்தில் சின்னையா வண்டியை மெதுவாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

5

[இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுதான் சொல்வேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கென்ன?]

ஒரு பாக்டீரியாவுக்குள் அதன் பிறவிக் குணங்கள் எல்லாம் ஒரு பெரிய நூலில் எழுதியிருக்குமாம். அது போதாதென்று, சிலவற்றுக்குள் தனியாகச் சின்ன வளையங்களும் இருக்குமாம். அந்த வளையத்துக்குப் பெயர் பிளாஸ்மிட். அதில் எழுதியிருப்பது சாதாரண விஷயம் இல்லை. சில கிருமிகளுக்குச் செடியைத் தாக்கும் வித்தையே அதில்தான் இருக்கிறதாம். சிலவற்றுக்கு மருந்தைத் தாங்கும் வித்தை. அந்த வித்தையைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் வேறொரு பாக்டீரியாவைத் தொட்டு ஒட்டிக்கொண்டு, அதற்கும் ஒரு நகல் கொடுத்துவிடுமாம். இலைப்புள்ளிக் கிருமி செம்பைத் தாங்குவது இப்படி ஒரு வளையத்தால்தான் என்று அமெரிக்காவில் யாரோ கண்டுபிடித்து எழுதியிருந்த கட்டுரையின் நகலை டாக்டர் மணியம் ரூத்திடம் படித்துக் காட்டினார்.

"குடுத்துட்டா அதுகிட்ட இல்லாமப் போயிடுமா?" என்று நான் பஸ்ஸில் கேட்டேன்.

"அங்கதாண்ணே விசயமே இருக்கு! குடுத்ததுகிட்டயும் இருக்கும், வாங்கினதுகிட்டயும் இருக்கும்."

கதையும் இந்த வளையம் மாதிரித்தான் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன். எந்த எழுத்தாளனும் இங்கே அதைத்தான் எழுதுவான்.

நம் ஊர்க் கிருமியிடமும் அப்படி ஒரு வளையம் இருக்கிறதா? இருந்தால், அது கைமாறுகிறதா? டாக்டர் மணியமும் ரூத்தும் அதைப் பார்க்க ஒரு வழி செய்தார்கள். பழைய கிருமியின் வாரிசு ஒன்று இருந்தது. அது வேறொரு மருந்தைத் தாங்கும், செம்பைத் தாங்காது. சில்வெஸ்டர் கொல்லைக் கிருமி செம்பைத் தாங்கும், அந்த வேறு மருந்தைத் தாங்காது. இரண்டு மருந்தும் சேர்ந்த தட்டில் எதைத் தனியாக விட்டாலும் செத்துவிடும். அதனால் இரண்டையும் முதலில் மருந்தில்லாத தட்டில் ஒன்றாகச் சேர்த்து ஒரு நாள் வைத்தார்கள். அதன்பிறகுதான் இரண்டு மருந்தும் உள்ள தட்டுக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் ரூத் தட்டை எடுத்தாள். தனித்தனியாக விட்ட தட்டுகள் வெறுமையாக இருந்தன. சேர்த்துவிட்ட தட்டில் மஞ்சள் பொட்டுகள். எண்ணினாள், பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். பழைய கிருமி, தான் பிறந்தபோது இல்லாத ஒரு வித்தையை, ஒரே நாளில், பக்கத்தில் இருந்ததிடமிருந்து வாங்கிக்கொண்டு உயிரோடு நின்றது. ரூத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "டாக்டர், குடுத்திருச்சு! குடுத்திருச்சு!" என்று குதித்தாள். டாக்டர் மணியமும் குதித்தார். இரண்டு பேரும் வெள்ளைக் கோட்டோடு குதிப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்த தோட்டக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. [தோட்டக்காரர் என் கற்பனை. குதித்தது நிஜம்.]

6

குதித்து முடித்து மூச்சு வாங்கும்போதுதான் டாக்டர் மணியம் அதைச் சொன்னார்.

"ஒண்ணுதான்க்கா புரியல. இந்த மாதிரி வளையம் வச்சிருக்கிற கிருமி ஒரு எடத்துல பெருகணும்னா, அங்க விடாம காப்பர் அடிச்சிருக்கணும். மத்ததெல்லாம் செத்து, இது மட்டும் தங்கியிருக்கும். யாரோ ஒருத்தர் வாரா வாரம், வருசக்கணக்கா அடிச்சிருக்காங்க."

ரூத் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் மீந்துபோய், கொட்டச் சொல்கிற காப்பர் தூளை ரூத் ஒரு போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். நல்ல மருந்து வீணாகிறதே என்ற எண்ணம்தான். 1982-இலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்பது சட்டிக்கும் அடித்தாள். எப்போதாவது ஓர் இலையில் பொட்டு தெரிந்தால் கிள்ளிப் போட்டுவிடுவாள். கூரைக்குக் கீழே மழைத்துளி தெறிக்காத இடம் என்பதால் அது பரவவும் இல்லை. அவள் வீட்டில் செடிகள் பளபளவென்று நின்றன. மிளகாயும் விதையும் எதைச் சுமந்துகொண்டு போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பொட்டுள்ள இலையைத் தேடினாள். நான்காவது சட்டியில் ஒன்று கிடைத்தது. மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், நடராஜாவின் தூள் கலந்த தட்டில் அதிலிருந்து எடுத்து இழுத்தாள். 'வளரக் கூடாது' என்று ஜெபித்தாள். கிருமி வளரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வளர்ந்திருந்தது. ரூத் லேபிளை இன்னொரு தடவை படித்தாள். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

7

இந்த இடத்தில் எனக்கு ரூத்மீது சந்தேகம் வந்தது. நல்ல மனுஷிதான், ஆனால் இப்படி ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் மனம் சஞ்சலப்படாது? ஆகவே, அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டைக் குப்பைத்தொட்டியில் போடுவதாக எழுதினேன். போன வாரம் அந்தப் பக்கத்தைப் பஸ்ஸில் அவளிடமே காட்டினேன்.

படித்துவிட்டுக் கொதித்துப் போனாள். "என்னாண்ணே எழுதியிருக்கீங்க? கிருமித் தட்ட யாராச்சும் குப்பையில போடுவாங்களா? ஆட்டோகிளேவ்ல வச்சு அவிச்சிட்டுத்தான் போடணும். டாக்டர் பாத்தாருன்னா என்னைக் கொன்னுடுவாரு லா!"

"அத விடு. மறைக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லியா?"

"தோணிச்சு," என்றாள். "ரெண்டு நாளு." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இரண்டு நாளை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. அதற்குப் பதிலாக முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. மருந்து நல்ல மருந்து என்று மட்டும் ரூத் ஊருக்குச் சொல்கிறாள். தன் சட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் 'பிறகு நோய் எங்கேயிருந்து வந்தது?' என்று சில்வெஸ்டர் கேட்பானே! பதில் இல்லையென்றால் பழி திரும்பவும் கடைக்கே போகும். விதையை வைத்திருப்பவர்கள் அதையே மறுபடியும் விதைப்பார்கள். இது முடிவே இல்லை.

முடிவு இரண்டு. ரூத் எல்லாவற்றையும் சொல்கிறாள். சில்வெஸ்டர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணீரோடு அவளை மன்னிக்— சில்வெஸ்டரை உங்களுக்குத் தெரியாது. அழுகிற ஆள் இல்லை அவன்.

முடிவு மூன்று. எனக்குப் பிடித்தது. எல்லோரும் பழைய செடியை எரித்து, சுத்தமான விதை வாங்கி, காப்பர் அடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். செம்பு இல்லாத இடத்தில் அந்த வளையத்தைச் சுமப்பது கிருமிக்கு வீண் பாரம். சுமக்காதவை மெல்ல மேலே வரலாம், வளையம் மறைந்தே போகலாம். டாக்டர் மணியம் இதைச் சொன்னபோது "போகலாம்" என்றுதான் சொன்னார். "போகும்" என்று நான் எழுதினேன். ரூத் பேனாவை வாங்கித் திருத்திவிட்டாள்.

8

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதில் என் கைவேலை எதுவும் இல்லை.

காலை முதல் நடையில், திகாம் பத்துவில் நடராஜா பஸ்ஸை நிறுத்தினார். தோளில் ஒரு வாழைத்தார். ரூத் போன மாதமே அவரிடம் சொல்லியிருந்தாள், மருந்து நல்ல மருந்து என்று. "தட்டுக்குத் தெரிஞ்சா போதாது தங்கச்சி, ஊருக்குத் தெரியணும்" என்று அவர் அப்போது சொன்னாராம். இருந்தும் இந்த வருடமும் தாரைக் கொண்டுவந்துவிட்டார்.

"நாளைக்கு ஏலத்துக்கு," என்று என் சீட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். "நீ கூவுனாத்தான் போகும் பரஞ்சோதி."

சரிண்ணே என்றேன். வேறு என்ன சொல்வது?

மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து ரூத் சுங்கை பட்டாணியில் ஏறினாள். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் திறக்க முடியாதபடி டேப் சுற்றிய மூன்று தட்டுகள். திங்கட்கிழமை பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று டாக்டர் மணியத்தின் உத்தரவு.

"ஏலத்துக்கு முன்னாடி எனக்கு அஞ்சு நிமிசம் வேணும்ணே. பாஸ்டர்கிட்ட கேட்டாச்சு."

"என்னா சொல்லப் போற?"

"எல்லாத்தையும். மருந்து நல்ல மருந்து. நோய் என் சட்டியிலேருந்துதான் போச்சு. அந்த வெதைய வச்சிருக்கிறவங்க எரிச்சிடுங்க. காப்பரக் கூட்டிக் கூட்டி அடிக்காதீங்க."

"சில்வெஸ்டர் சும்மா விட மாட்டான் லா."

"விட மாட்டாருதான். ரெண்டு ஏக்கர்ண்ணே! திட்டுனா வாங்கிக்க வேண்டியதுதான்." பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பதினொண்ணையும் எண்ணுனப்ப எனக்கு வந்துச்சே ஒரு சந்தோசம், அத பொய்யாக்கிட்டு என்னால இருக்க முடியாது."

நான் அவளைப் பெருமையோடு பார்த்தேன். கதைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன், அதையும் மறைப்பானேன்?

அவள் என் காலடியில் இருந்த வாழைத்தாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் பங்க நான் சொல்லிடுவேன்ண்ணே. ஒங்க பங்க நான் சொல்ல மாட்டேன்."

"என் பங்கா? நான் என்னா பண்ணேன்?"

"கோலம்," என்றாள்.

பஸ் திகாம் பத்துவில் நின்றது. அவள் பெட்டியோடு இறங்கிப் போனாள்.

9

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். 'கோப்பிக்கடையில் யாரோ ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அது நான்தான்.

என் வீட்டு மிளகாய்ச் செடிகளும் செத்திருந்தன. எரிச்சலில் இருந்தேன். வாயில் ஒரு வரி வந்தது, சொன்னேன். நடராஜா சுண்ணாம்பு கலந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வரி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கடையே சிரித்தது. அடுத்த வாரம் குருனிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒருவர் என் பஸ்ஸில் ஏறி, என் வரியையே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்போது எனக்கு வந்த பூரிப்பு, மூன்று கதைகள் அச்சில் வந்தபோதும் வந்ததில்லை. போன வருடம் அந்தத் தாரைத் தூக்கிப் பிடித்து "ரெண்டு தரம்" என்று நின்றேனே, அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ரூத்துக்கு எப்படித் தெரிந்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன். அன்று கோப்பிக்கடையில் என்னோடு இருந்த சின்னையா சொல்லியிருக்க மாட்டார். பிறகுதான் உறைத்தது. ஒன்பது வருடமாக என் கதைகளை அச்சுக்கு முன்பே படிக்கிறவள் அவள். எது என் வரி என்று அவளுக்குத் தெரியாதா?

ஐந்தாம் பகுதியில் அழகாக ஒரு பத்தி எழுதி அடித்தேன் என்று சொன்னேன். அதை ஏன் அடித்தேன் என்று சொன்ன காரணமும் பொய். கொடுத்ததிடமும் இருக்கும், வாங்கியதிடமும் இருக்கும் என்று அவள் சொன்னபோதே எனக்கு அந்தக் கோப்பிக்கடை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் எழுத ஓடவில்லை.

10

தார் இப்போது என் மேசைக்கு அடியில் இருக்கிறது. மேல் சீப்பில் ஒரு காய் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

நாளை பதினொன்றரைக்கு ரூத் பேசி முடித்திருப்பாள். சில்வெஸ்டர் கத்தினாலும் கத்தியிருப்பான். அதன்பிறகு நான் மேடையேறித் தாரைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சாயங்காலத்திலிருந்து அதை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்:

நடராஜா அண்ணன் மருந்தில் எதையும் கலக்கவில்லை. கலந்தார் என்று ஊரில் சிலர்—

நடராஜா அண்ணன் மருந்தில் எதையும் கலக்கவில்லை. விளையாட்டாக யாரோ சொன்ன—

நடராஜா அண்ணன் மருந்தில் எதையும் கலக்கவில்லை. கலந்தார் என்று முதலில் சொன்னது

பதினெட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இது பத்திரிகையில் வருவதற்குள் அந்த ஞாயிறு வந்து போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் என் மேசைமேல் இன்னும் சனிக்கிழமைதான். நீங்களும் வாருங்கள். ஆராதனை முடிந்ததும் கொட்டகையில் கடைசி பெஞ்சில் இடம் இருக்கும். வாசல் பக்கம் பாருங்கள், வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நிற்பார். பிறகு என்னைப் பாருங்கள். அந்த மூன்றாவது வரியை நான் முடித்தேன் என்றால், முதல் விலையை நீங்கள் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள், அவருக்குக் கேட்க வேண்டும். மூன்றாம் தரத்தை நான் சொல்கிறேன்.

முடிக்கவில்லை என்றால் கை தூக்காதீர்கள். போன வருடம் போலவே அந்தத் தார் என் கையிலேயே கனக்கட்டும்.